மின் ஆவணத்தில் கையொப்பமிட மக்களுக்குச் செலவு வைக்க வேண்டாம்: புதுச்சேரி அரசுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைமைச் செயலர் அவர்கள், புதுச்சேரி அரசு
தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் அவர்கள், புதுச்சேரி அரசு

பொருள்: இணையவழியில் பெறப்படும் விண்ணப்பங்களிலும் உறுதிமொழிப் படிவங்களிலும் கட்டணமின்றிக் கையொப்பமிடும் வழிகளை ஏற்று, தெளிவான ஆணை பிறப்பிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். அரசு அலுவலகங்களுக்கும் அரசின் உதவி பெறும் நிறுவனங்களுக்கும் மக்கள் கணினி வழியாக அனுப்பும் விண்ணப்பம், உறுதிமொழி, ஒப்புதல் கடிதம் ஆகியவற்றில், அச்சிடாமலும் ஸ்கேன் செய்யாமலும் யாருக்கும் பணம் கொடுக்காமலும் கையொப்பமிட வழிகள் இருக்கின்றன. சட்டத்திலும் அவற்றுக்கு இடம் இருக்கிறது. எந்த ஆவணத்துக்கு எந்த வகைக் கையொப்பம் போதும் என்று சொல்லும் ஆணை ஒன்று மட்டும் அலுவலர்களின் கையில் இல்லை. அந்த ஆணையைத் தாங்கள் பிறப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். வில்லியனூரில் ஒரு சிறிய கணினிப் பயிற்சி நிலையம் நடத்துகிறேன். சேர்க்கைக் காலத்திலும் உதவித்தொகைக் காலத்திலும் பயிற்சிக்கு வருகிறவர்களைவிடப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழி கேட்டு வருகிறவர்களே எங்கள் நிலையத்தில் அதிகம். ஆகவே இதில் நான் எழுதுவது அன்றாடம் கண்ணெதிரே நடப்பதைப் பற்றித்தான்.

நடப்பது இதுதான். ஓர் அலுவலகம் படிவத்தைப் பிடிஎஃப் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்புகிறது. அதைப் பெறுகிறவர் கடைக்குப் போய் அச்சிட்டு, பேனாவால் கையெழுத்துப் போட்டு, அதே கடையில் ஸ்கேன் செய்து, மறுபடியும் பிடிஎஃப் ஆக்கி, வந்த மின்னஞ்சலுக்கே திருப்பி அனுப்புகிறார். அங்கே அதைப் பெறும் எழுத்தர் அதை மீண்டும் அச்சிட்டுக் கோப்பில் சேர்க்கிறார். கணினியில் பிறந்து கணினிக்கே போக வேண்டிய ஓர் ஆவணம், இடையில் இரண்டு முறை தாளாகிறது. இரண்டு முறையும் யாரோ ஒருவர் அதற்குக் காசு கொடுக்கிறார். பெரும்பாலும் அது விண்ணப்பதாரராகவே இருக்கிறார்.

பாகூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கல்லூரிச் சேர்க்கைக்காக வந்த ஒரு மாணவியின் படிவத்தை இங்கே சொல்ல வேண்டும். ஒழுங்காக வகுப்புக்கு வருவேன் என்று மாணவியும், அதற்கு நான் பொறுப்பு என்று பெற்றோரும் கையொப்பமிட வேண்டிய ஒரே பக்க உறுதிமொழி அது. தந்தை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார், தாய் இல்லை. படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அவர் ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு, அதைப் படமெடுத்து அனுப்பினார். அந்தப் படத்தைப் படிவத்தில் உரிய இடத்தில் வைத்து அனுப்பியதற்கு, ஒட்டிய கையெழுத்து செல்லாது என்று அந்த நிறுவனம் பதில் எழுதியது. பிறகு அவர் வேலை முடிந்த நேரத்தில் கடை தேடி, அச்சிட்டுக் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து அனுப்பினார். பதிவேற்றும் பக்கம் 200 கேபிக்குள் கோப்பைக் கேட்டதால் அதைச் சுருக்க வேண்டியிருந்தது. சுருக்கியதில் கையெழுத்து நீலத் தீற்றலாகிவிட்டது. தெளிவில்லை என்று அதுவும் திரும்பி வந்தது. கடைசியில் அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பேருந்து ஏறி வந்து, நேரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அன்றிரவே திரும்பிப் போனார்.

இத்தனைக்கும் அந்த நிறுவனத்திடம் அந்தத் தந்தையின் மாதிரிக் கையொப்பம் எதுவும் கிடையாது. வங்கியில் காசோலையை மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இங்கே ஒப்பிட ஒன்றுமே இல்லை. நேரில் வந்து போட்ட கையெழுத்தும், படமாக வந்த கையெழுத்தும், ஸ்கேனில் தேய்ந்து வந்த கையெழுத்தும் அந்த நிறுவனத்துக்கு ஒரே அளவு சான்றுதான். அப்படியிருக்க, ஒன்றை ஏற்று மற்றவற்றைத் தள்ளியதற்குப் பாதுகாப்பு காரணமில்லை, பழக்கம்தான் காரணம். அந்த எழுத்தரை நான் குறை சொல்லவில்லை. ஏற்கலாம் என்று அவருக்கு எழுத்தில் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஏற்றுக்கொண்ட பிறகு தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

மற்ற மாநிலங்களைவிடப் புதுச்சேரிக்கு இந்தச் சிக்கல் கூடுதலாகவே உறைக்க வேண்டும். நம் ஒன்றியப் பிரதேசம் ஒரே நிலப்பரப்பாக இல்லை. காரைக்கால் தெற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் இருக்கிறது. மாஹே மேற்குக் கரையில், கேரளத்தின் நடுவே, 600 கிலோமீட்டருக்கும் அப்பால். ஏனாம் ஆந்திரத்தில், காக்கிநாடாவுக்குப் பக்கத்தில், 800 கிலோமீட்டருக்கும் அப்பால். புதுச்சேரி மாவட்டமே கூடக் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு இடையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. வீட்டிலிருந்து தாலுகா அலுவலகம் போக, வழியில் தமிழ்நாட்டு ஊர்களைத் தாண்டிப் போகிறவர்கள் ஏராளம். இவ்வளவு சிதறிய நிலப்பரப்பில், "நேரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்" என்ற ஒரு வரி சிலருக்குப் பத்து நிமிட வேலை. சிலருக்கு இரண்டு நாள் ரயில் பயணம். ஒரு பிரதேசத்துக்குள்ளேயே குடிமக்களுக்கு இப்படி ஒரு வேறுபாடு இருப்பது நியாயமில்லை. பிரான்சில் குடியேறிய உறவினர்களின் ஒப்புதல் தேவைப்படும் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களின் நிலைமை இதைவிடச் சிரமமானது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 5-ஆவது பிரிவு, ஓர் ஆவணத்தில் கையொப்பம் வேண்டும் என்று வேறு எந்தச் சட்டம் சொன்னாலும், அந்தத் தேவை முறைப்படியான மின் கையொப்பத்தால் நிறைவேறும் என்கிறது. 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் 3அ என்ற பிரிவைச் சேர்த்து, டோக்கன் என்ற பென்டிரைவ் போன்ற கருவி வழியிலான டிஜிட்டல் கையொப்பம் மட்டுமன்றி, நம்பத்தக்க வேறு மின்முறைகளையும் அரசு அறிவிக்கை மூலம் ஏற்க இடம் கொடுத்தது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தித்தான் 2015 ஜனவரியில் ஆதார் வழியாக அடையாளத்தை உறுதிசெய்து ஆவணத்தில் மின் கையொப்பமிடும் இ-சைன் முறைக்கு மத்திய அரசு விதிகள் வகுத்தது. 10அ பிரிவு, மின்வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று சொல்லக்கூடாது என்கிறது. டிரைமெக்ஸ் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் இடையிலான வழக்கில், மின்னஞ்சல் பரிமாற்றத்திலேயே ஒப்பந்தம் உருவாகிவிட்டது, முறையான பத்திரம் தயாராகிக் கையொப்பமாகவில்லை என்பதால் அது இல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லியிருக்கிறது. பெரும் வணிக ஒப்பந்தத்துக்கே இது போதுமானபோது, ஒரு மாணவியின் வருகை உறுதிமொழிக்குப் போதாது என்று சொல்வதில் பொருளில்லை.

விதிவிலக்குகளும் உண்டு, அவற்றை மறைக்க நான் விரும்பவில்லை. அச்சட்டத்தின் முதல் அட்டவணை உயில், அறக்கட்டளைப் பத்திரம் போன்றவற்றைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. அவை தாளிலேயே இருக்கட்டும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் நேரில் நின்று செய்ய வேண்டியவற்றையும் இந்த மடலில் நான் தொடவில்லை.

அரசைப் பொறுத்தவரை அதே சட்டத்தின் 6-ஆவது பிரிவு, அலுவலகங்கள் விண்ணப்பங்களை மின்வடிவில் பெறவும் அனுமதிகளை மின்வடிவில் வழங்கவும் தெளிவாக இடம் தருகிறது. ஆனால் 9-ஆவது பிரிவு, மின்வடிவிலேயே பெற்றுக்கொள்ள வேண்டும் என்று எந்த அலுவலகத்தையும் வற்புறுத்தும் உரிமையைக் குடிமக்களுக்கு இவை தரவில்லை என்கிறது. இந்தப் பிரிவுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் விண்ணப்பதாரர் சட்டப்புத்தகத்தைக் காட்டி வாதாட முடியாது. கதவைத் திறக்கும் அதிகாரம் முழுக்க அரசின் பக்கம் இருக்கிறது. ஆகவேதான் அலுவலகம் அலுவலகமாக முறையிடாமல், ஆணையிடும் இடத்தில் இருக்கும் தங்களிடம் கேட்கிறேன்.

எல்லாக் கையொப்பங்களும் ஒன்றல்ல என்பதையும் இங்கே நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். மின் ஆவணத்தில் கையெழுத்தின் படத்தை வைப்பதோ, தொடுதிரையில் விரலால் கையெழுத்து வரைவதோ எளிது, செலவும் இல்லை. ஆனால் அந்தப் படத்தை வெட்டி வேறொரு தாளில் வைப்பதும் அதே அளவுக்கு எளிது. அது ஒருவரின் சம்மதத்தைக் குறிக்கும் அடையாளமே தவிர, அவர்தான் போட்டார் என்பதற்குத் தனியாக நின்று சான்று சொல்லாது. 3அ பிரிவு சொல்லும் நம்பகத்தன்மைச் சோதனைகளில் அது தேறாது. முறையான டிஜிட்டல் கையொப்பம் வேறு வகையானது. ஆவணம் முழுவதிலிருந்தும் கணக்கிட்டு ஒரு சுருக்க எண் எடுக்கப்படுகிறது. அந்த எண், கையொப்பமிடுபவரிடம் மட்டுமே இருக்கும் இரகசியத் திறவுகோலால் பூட்டப்படுகிறது. அதற்கு இணையான பொதுத் திறவுகோலால் யார் வேண்டுமானாலும் அதைச் சோதித்துப் பார்க்கலாம். கையொப்பமிட்ட பிறகு ஆவணத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும், அரக்கு முத்திரை உடைந்த உறையைப்போல அது காட்டிக்கொடுத்துவிடும். பேனாவால் போட்ட கையெழுத்துக்கு இந்த ஆற்றல் இல்லை. கையெழுத்திட்ட தாளில் மேலே இருக்கும் தொகையைத் திருத்தினால் கையெழுத்து அப்படியே அழகாக நிற்கும்.

முறையான கையொப்பம் என்றவுடன் அலுவலர்கள் பலருக்கும் நினைவுக்கு வருவது பென்டிரைவ் போன்ற டோக்கன்தான். ஒப்பந்தப்புள்ளி போடுகிறவர்களும் பட்டயக் கணக்கர்களும் நிறுவன இயக்குநர்களும் வைத்திருப்பது அது. உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனத்திடம் பணம் கட்டி வாங்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு மீண்டும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள் நின்றுபோய், அவற்றின் இடத்தில் மூன்றாம் வகுப்பே வழங்கப்படுகிறது. ஆண்டுக்கு ஓரிரு படிவங்களில் கையொப்பமிடும் ஒரு விவசாயியோ மாணவரோ இதை வாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகாது. சில இடங்களில் எதிர்பார்க்கிறார்கள் என்பதால்தான் சொல்கிறேன்.

அந்த இடைவெளியை நிரப்பவே இ-சைன் வந்தது. அதன் செயல்முறையை அறிந்தால் தயக்கம் பெருமளவு குறையும் என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன். விண்ணப்பதாரர் படிவத்தை நிரப்பி முடித்ததும், அந்த ஆவணத்தின் சுருக்க எண் மட்டும் உரிமம் பெற்ற இ-சைன் சேவை நிறுவனத்துக்குப் போகிறது, ஆவணம் போவதில்லை. அவருடைய ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஓடிபி வருகிறது. அதற்கு மாற்றாக விரல்ரேகையும் வைக்கலாம். அடையாளம் உறுதியானதும், அந்த ஒரு கையொப்பத்துக்காக மட்டும் ஒரு திறவுகோல் இணை உருவாகி, கையொப்பமிட்டு, உடனே அழிக்கப்படுகிறது. அதற்கான சான்றிதழின் ஆயுள் 30 நிமிடம்தான். திருட்டுப் போக டோக்கன் இல்லை. மறந்துபோகக் கடவுச்சொல் இல்லை. வாங்கி வைக்க ஒரு பொருளும் இல்லை. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சி-டாக் நிறுவனமே இ-ஹஸ்தாக்ஷர் என்ற பெயரில் இந்தச் சேவையை வழங்குகிறது. சேவைக்குக் கட்டணம் ஏதும் இருந்தால், அதைப் படிவத்தைக் கேட்கும் துறை ஏற்க வேண்டும். விண்ணப்பதாரர் தலையில் கட்டக்கூடாது. தாள், அச்சு மை, கோப்பு அடுக்கும் இடம், தேடும் நேரம் ஆகியவற்றில் துறை மிச்சப்படுத்துவதோடு ஒப்பிட்டால் அது பெரிய சுமையாக இருக்காது என்பது என் எண்ணம்.

இது புதுமையான கோரிக்கையும் அல்ல. வருமானவரிக் கணக்கை இணையத்தில் தாக்கல் செய்துவிட்டு, ஒப்புகைப் படிவத்தை அச்சிட்டு, நீல மையில் கையெழுத்திட்டு, பெங்களூருக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று காத்திருந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இன்று ஆதார் ஓடிபி வழியாகக் கட்டணமில்லாமல் சில நிமிடங்களில் அது முடிகிறது. ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் உயிர்வாழ்வுச் சான்று தர வேண்டியிருந்ததை, 2014 நவம்பரில் தொடங்கிய ஜீவன் பிரமாண் திட்டம் எளிதாக்கியது. விரல்ரேகை தேய்ந்துபோன முதியவர்களுக்காக 2021-இல் முக அடையாள முறையும் அதில் சேர்ந்தது. வரியையும் ஓய்வூதியத்தையும் நம்பி ஒப்படைக்கும் முறையை ஓர் உறுதிமொழிப் படிவத்துக்கு நம்ப மறுப்பதற்குக் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இணையத்தில் "இலவசக் கையொப்பம்" என்று விளம்பரம் செய்யும் செயலிகளைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது. வழி தெரியாமல் தவிக்கும் மக்கள் கைபேசியில் தேடி, முதலில் கண்ணில் படும் ஏதோ ஒரு தளத்தில் ஆவணத்தை ஏற்றிவிடுகிறார்கள். கையொப்பமெல்லாம் போட்டு முடித்துத் தரவிறக்கும்போதுதான் பணம் கேட்கும் பக்கம் வருகிறது. அட்டை எண்ணைக் கொடுத்தவர்களுக்குச் சோதனைக் காலம் முடிந்ததும் மாதாமாதம் பணம் போகிறது. பணத்தைவிடப் பெரிய இழப்பு வேறு. ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவை எந்த நாட்டில் எந்தக் கணினியில் போய் உட்கார்ந்தன என்று அவர்களுக்குத் தெரியாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. அந்த அக்கறை உண்மையானால், மக்களை இப்படிப்பட்ட தளங்களை நோக்கித் தள்ளும் நடைமுறைகளையும் நாம் நிறுத்த வேண்டும்.

ஆவணம் கணினியை விட்டு வெளியே போகாமலேயே கையொப்பமிடப் பல மென்பொருள்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் பிடிஎஃப் கோப்பைத் திறந்தால், எழுத்தைச் சேர்க்கவும் கையால் வரையவும் கருவிகள் மேலேயே இருக்கின்றன. அடோபியின் இலவச ரீடரில் படிவத்தை நிரப்பிக் கையொப்பமிடும் வசதி உண்டு; டோக்கன் வைத்திருப்பவர்கள் அதைக்கொண்டு முறையான கையொப்பமும் இடலாம். தமிழ் இடைமுகத்தோடு கிடைக்கும் லிப்ரெஆபிஸ் கட்டற்ற மென்பொருள். அதிலும் சான்றிதழ் இருந்தால் பிடிஎஃப் ஆவணத்தில் டிஜிட்டல் கையொப்பமிட முடியும். லினக்ஸ் கணினிகளில் ஒக்குலர் என்ற மென்பொருள் இதே வேலையைச் செய்கிறது. எங்கள் நிலையத்தில் படிக்கும் பிள்ளைகள் இதை ஒரே அமர்வில் கற்றுக்கொள்கிறார்கள். கற்றுக்கொண்டு போய்ச் செய்த பிறகு, அவர்கள் அனுப்பியது ஏற்கப்படாமல் திரும்புவதுதான் வருத்தம்.

கையொப்பமிடும் பக்கம் மட்டும் சரியானால் போதாது; பெறும் பக்கமும் சரியாக வேண்டும். வருவாய்த் துறை இணையவழியில் வழங்கும் சான்றிதழ்களில் அலுவலரின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. அதைத் திறக்கிறவரின் மென்பொருள், மற்றச் சான்றிதழ்களுக்கெல்லாம் அடிப்படையான இந்தியச் சான்றளிப்பு அமைப்பின் வேர்ச் சான்றிதழை நம்பும்படி அமைக்கப்படாமல் இருந்தால், கையொப்பத்தின் மேல் ஒரு மஞ்சள் கேள்விக்குறி தோன்றும். ஆதார் பிடிஎஃப் கோப்பிலும் இதைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்தக் கேள்விக்குறியின் மேல் வலது சொடுக்குச் செய்து, கையொப்பத்தைச் சரிபார்க்கும்படி சொல்லி, அந்த வேர்ச் சான்றிதழை நம்பிக்கைப் பட்டியலில் ஒரு முறை சேர்த்துவிட்டால், பச்சைக் குறி வந்துவிடும். அதன் பிறகு அந்தக் கணினியில் அதே வேர்ச் சான்றிதழின் கீழ் வரும் கையொப்பம் எதற்கும் இந்தக் காரணத்தால் கேள்விக்குறி வராது. சில நிமிட வேலை. அதைச் செய்யத் தெரியாததால், கேள்விக்குறியைப் பார்த்த அலுவலர் சான்றிதழே போலி என்று சந்தேகப்படுகிறார். அதைவிட மோசமானது, அந்தச் சான்றிதழை அச்சிட்டு எடுத்துவந்து, அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடம் பச்சை மையில் சான்றொப்பம் வாங்கி வரச் சொல்வது. அச்சிட்ட கணமே டிஜிட்டல் கையொப்பம் சோதிக்க முடியாத வெறும் படமாகிவிடுகிறது. சோதிக்கக்கூடிய ஒன்றைச் சோதிக்க முடியாததாக மாற்றி, அதன் மேல் மனிதர் ஒருவரின் கையெழுத்தை வாங்குகிறோம். சான்றொப்பத்தைத் தவிர்த்துச் சுயசான்றொப்பத்தை ஏற்கும்படி மத்திய நிர்வாகச் சீர்திருத்தத் துறை 2013-இலேயே அறிவுறுத்தியது. அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியாக வழங்கப்படும் ஆவணங்கள் அசலுக்கு இணையானவை என்று 2017-இல் விதியே திருத்தப்பட்டது. இவை கீழ்நிலை அலுவலகத்தின் மேசைவரை வந்து சேர வேண்டும்.

ஒரு கவலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாரிடமும் ஆதாரோடு இணைந்த கைபேசி இருக்காது. எண் மாறிப்போனவர்கள், வீட்டில் ஒரே கைபேசியை நான்கு பேர் பயன்படுத்துகிறவர்கள், ஆதார் கொடுக்க விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். வலை இழுத்தும் மண் சுமந்தும் ரேகை தேய்ந்தவர்கள் நம் மீனவ கிராமங்களிலும் வயல் ஊர்களிலும் நிறையப் பேர். எழுதத் தெரியாதவரின் கைநாட்டையும் கையொப்பமாகவே சட்டங்களில் வரும் சொற்களுக்குப் பொருள் வரையறுக்கும் 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாஸஸ் சட்டம் ஏற்கிறது. அந்தப் பெருந்தன்மையை மின்முறையில் நாம் இழந்துவிடக்கூடாது. தாளில் கையெழுத்திடும் வழி, கைநாட்டு வைக்கும் வழி இரண்டும் தொடர வேண்டும். மின்வழி கூடுதலான ஒரு வாசலாக இருக்க வேண்டுமே தவிர, இருக்கும் வாசலை அடைப்பதற்கான காரணமாக இருக்கக்கூடாது. இதை ஆணையிலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல நோக்கத்தோடு தொடங்கும் திட்டம் முதியவர்களைத் திருப்பி அனுப்பும் திட்டமாக மாறிவிடும் அபாயம் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு துறையும் தான் மக்களிடம் கேட்கும் படிவங்களை எடுத்துப் பார்த்து, எதற்குக் கையொப்பமே தேவையில்லை என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பதிவு செய்த கைபேசி எண்ணால் உள்நுழைந்து நிரப்பிய பல படிவங்களுக்கு ஒப்புதல் கட்டத்தில் இடும் ஒரு குறியே போதும். விடுப்புக் கடிதம், வருகை உறுதிமொழி, விவரத் திருத்தக் கோரிக்கை போன்று யாருடைய சொத்தையும் பணத்தையும் பாதிக்காதவற்றுக்கு, விண்ணப்பதாரரின் பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்தோ எண்ணிலிருந்தோ வரும் படக் கையொப்பத்தையும் தொடுதிரைக் கையொப்பத்தையும் ஏற்க வேண்டும். உதவித்தொகை, வங்கிக் கணக்கு மாற்றம், உரிமைத் துறப்பு போன்றவற்றுக்கு இ-சைன் வசதியைத் துறையின் செலவில் அந்தப் படிவத்திலேயே அமைத்துத் தர வேண்டும். டோக்கனை ஒப்பந்தப்புள்ளி போன்று சட்டமும் விதியும் கேட்கும் இடங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் இயற்றி 2016 முதல் நடைமுறைப்படுத்திய ஒழுங்குமுறையும் கையொப்பங்களை இப்படித்தான் எளியது, மேம்பட்டது, முழுத் தகுதி பெற்றது என்று படிநிலையில் வைத்திருக்கிறது. ஆவணத்தின் கனத்துக்கு ஏற்றபடி கையொப்பத்தின் கனமும் இருப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஏற்க மறுக்கும் அலுவலர், எந்த விதியின்படி மறுக்கிறார் என்பதை ஒரு வரியிலாவது எழுத்தில் தர வேண்டும் என்பதையும் ஆணையில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். வாய்மொழியாக வரும் மறுப்புக்கு மேல்முறையீடு செய்ய முடிவதில்லை. பெறும் அலுவலர்களுக்குக் கையொப்பத்தைச் சரிபார்க்க அரை நாள் பயிற்சியும், அலுவலகக் கணினிகளில் வேர்ச் சான்றிதழை முன்கூட்டியே அமைத்துத் தரும் ஏற்பாடும் தேவை. விண்ணப்பதாரர்களுக்கான விளக்கக் குறிப்பு புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் தமிழிலும், மாஹேவுக்கு மலையாளத்திலும், ஏனாமுக்குத் தெலுங்கிலும் இருக்க வேண்டும். படங்களோடு இருந்தால் இன்னும் நல்லது. கோப்பின் அளவு வரம்பை, கையொப்பம் தெளிவாகத் தெரியும் அளவுக்கு உயர்த்துவது மிகச் சிறிய வேலை. அதை ஆணைக்குக் காத்திராமல் இந்த வாரமே செய்யலாம்.

எல்லாத் துறைகளிலும் ஒரே நாளில் இதைக் கொண்டுவர இயலாது என்பது எனக்குப் புரிகிறது. அடுத்த கல்விச் சேர்க்கை தொடங்குவதற்கு முன்னதாக, பெற்றோர் கையொப்பம் கேட்கும் உயர்கல்விப் படிவங்களிலிருந்து தொடங்கலாம். பெற்றோர் வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள்தான் இதில் முதலில் பயன்பெறுவார்கள். தமிழ் விளக்கக் குறிப்பின் வரைவைத் தயாரித்துத் தரவும், மாதிரிப் படிவங்களை மாணவர்களைக்கொண்டு சோதித்து எங்கே தடுமாறுகிறார்கள் என்று எழுதித் தரவும் எங்கள் நிலையம் கட்டணமின்றி முன்வருகிறது. தகவல் தொழில்நுட்பத் துறை எந்த அலுவலரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று தெரிவித்தால், வரைவை உடனே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணினிப் பயிற்சி நிலைய ஆசிரியர்,
வில்லியனூர், புதுச்சேரி.